எல்.சி. ஆச்சா?

ஒரு காட்டில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். காடு என்றதும் மரத்தையும் மானையும் தேட வேண்டாம். கரிசல் பக்கத்தில் உழுது விதைக்கிற நிலத்துக்கே காடு என்றுதான் பெயர். பருத்தியும் கம்பும் விளைந்த அந்தக் காட்டை ஒரு கம்பெனி வளைத்து வேலி கட்டி, கண்ணுக்கு எட்டிய மட்டும் சோலார் பேனல்களை நட்டுக்கொண்டிருந்தது. ஒதுங்க ஒரு வேப்பமரம் கிடையாது. பேனலுக்கு அடியில் நிழல் உண்டு, ஆனால் அதில் ஒதுங்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

குருவின் பெயர் செண்பகவல்லி. வயது முப்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். அந்த சைட்டுக்கு அவள்தான் சேஃப்டி ஆபீசர். சீடருக்கு அறுபது வந்துவிட்டது. மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ரிட்டயர் ஆனவர். பெயர் குருசாமி. சீடருக்குப் போய் குருசாமி என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று வேலைக்கு வந்த பையன்கள் அடித்த கேலியில்தான் இந்தக் குரு, சீடர் பட்டமெல்லாம் வந்தது. மற்றபடி அவராக யாரிடமும் பாடம் கேட்டுப் போகவில்லை. புதிதாகச் சேர்கிற சூப்பர்வைசர் கொஞ்ச காலம் சேஃப்டி ஆபீசருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டதால் அவள் பின்னால் நடந்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த பெண் என்பதுதான் அவளைப் பற்றி அவருடைய எண்ணம். அதை அவர் மறைக்கவும் இல்லை.

முதல் நாள் அவள் அவரை ஒரு பேனலிடம் கூட்டிப் போனாள். இன்னும் சட்டத்தில் ஏற்றாமல் வெயிலில் சும்மா சாய்த்து வைத்திருந்த பேனல்.

“இதுல கரண்ட் இருக்கா அண்ணாச்சி?”

“வயரே குடுக்கலியே மேடம். எங்கிருந்து வரும்?”

அவள் மீட்டரை வைத்துக் காட்டினாள். நாற்பது சொச்சம் வோல்ட் காட்டியது. குருசாமி சிரித்துவிட்டார். பதினோராயிரம் வோல்ட் கம்பியோடு குடித்தனம் நடத்தியவர் அவர்.

“இது ஆளக் கொல்லாது மேடம்.”

“ஒண்ணு கொல்லாது,” என்றாள்.

அதோடு விட்டுவிட்டாள். வளவளவென்று பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதே பேனலை முப்பதாகக் கோத்தால் என்ன ஆகும் என்று அவரே கூட்டிப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருப்பாள். அவர் கூட்டிப் பார்க்கவில்லை.

குருசாமியிடம் ஒரு வார்த்தை இருந்தது. எல்.சி. என்ற வார்த்தை. மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர் முதலில் சப்-ஸ்டேஷனுக்குச் சொல்லி அந்த லைனை நிறுத்தச் சொல்வார். அங்கே இருக்கிறவர் நிறுத்திவிட்டு, நிறுத்தியாச்சு என்று வாக்குக் கொடுப்பார். அதைத்தான் எல்.சி. வாங்குவது என்பார்கள். லைன் கிளியர் என்பதன் சுருக்கம். எல்.சி. வாங்கியாச்சு என்றால் அந்தக் கம்பியில் வேட்டி காயப்போடலாம், அவ்வளவு நம்பிக்கை. வேலை பார்த்த காலம் முழுக்க அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் குருசாமி உயிரைக் கொண்டுபோய்க் கம்பத்தில் வைத்தார். ஒரு நாள்கூட அது அவரைக் கைவிட்டதில்லை.

அந்த வார்த்தையை அவர் வேலிக்குள்ளே கொண்டுவந்தார். பையன்களுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. அதில் சர்க்கார் உத்தியோகத்து வாசனை அடித்தது. பேனல்களை வரிசையாகத் தாங்கி நிற்கிற இரும்புச் சட்டத்தை அங்கே டேபிள் என்பார்கள். டேபிளிலிருந்து வருகிற வயர்களெல்லாம் கம்பத்தில் மாட்டிய ஒரு பெட்டியில் வந்து சேரும். பெட்டியில் சுவிட்சை இறக்கியதும் டேபிளுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வரும்: எல்.சி. ஆச்சா அண்ணாச்சி? ஆச்சுலே, என்பார் குருசாமி.

செண்பகவல்லி இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அவரைத் தனியே கூப்பிட்டாள்.

“அந்த வார்த்தை இங்க வேண்டாம் அண்ணாச்சி.”

“பழகிப் போச்சு மேடம். வார்த்தையில என்ன இருக்கு?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து இரும்பு ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வர, ஆட்களை விலக்க ஓடினாள். பதில் அப்படியே நின்றுபோயிற்று. அவரும் திரும்பக் கேட்கவில்லை, அவளும் திரும்பச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்தது பேச்சிராஜ் செத்த நாள்.

பேச்சிராஜ் பக்கத்து ஊர்க்காரன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். நல்ல வேலைக்காரன். ஒரு டேபிளில் வயர் முனைகள் இரண்டும் கருகிப்போயிருந்தன. அவற்றை நறுக்கிவிட்டுப் புது முனை போட வேண்டும். அவன் முறைப்படி எல்லாம் செய்தான். பெட்டியில் சுவிட்சை இறக்கியதைப் பார்த்துவிட்டுத் தன் பூட்டைப் போட்டான். அங்கே ஆளுக்கு ஒரு பூட்டு. பூட்டில் அவனவன் பெயரும் படமும் தொங்கும். போட்டவன்தான் எடுக்க வேண்டும், அதுவரை சுவிட்சை யாரும் ஏற்ற முடியாது. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு டேபிளுக்கு அடியில் நுழைந்தான். நுழைந்தவன் கேட்டான்.

“எல்.சி. ஆச்சா அண்ணாச்சி?”

“ஆச்சுலே.”

எல்.சி. ஆன பிறகு கையுறை எதற்கு? பொடி வேலைக்கு அது தோதுப்படாது. கழற்றி வைத்தான். இரண்டு முனைகளையும் நறுக்கி, உறித்து, ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்தான்.

சுவிட்சுக்கு அந்தப் பக்கம் நின்றுபோயிருந்தது என்னவோ உண்மைதான். இந்தப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நட்ட நடு மத்தியானம். தலைக்கு மேலே முப்பது பேனலும் வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தன.

ஒரு சத்தமும் இல்லை. செண்பகவல்லி எங்கிருந்தோ ஓடிவந்து, உலர்ந்த கம்பால் வயரைத் தட்டிவிட்டு, அவன் நெஞ்சில் கை வைத்து அழுத்தினாள். ஆம்புலன்ஸ் வருகிற வரை அழுத்தினாள். வந்தவர்கள் போதும் என்று சொன்ன பிறகும் அழுத்தினாள். எழுந்து நின்றபோது குருசாமியை ஒரு தடவை பார்த்தாள். ஏன் இப்படி என்றோ, சொன்னேனே என்றோ கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

விசாரணைக்கு வந்தார்கள். கையுறை கொடுக்கப்பட்டதா என்று கேட்டார்கள். கொடுக்கப்பட்டது. போட்டிருந்தானா என்று கேட்டார்கள். போடவில்லை. அவனிடம் யார் என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு குருசாமி பதில் சொல்லவில்லை. செத்தவனுக்கு ஏது வாய்? பிள்ளை குட்டிக்காரன் இப்படியா அசட்டையாக இருப்பான் என்று ஊர் பேசியது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிப் பையன்கள் பேச்சிராஜை மன்னித்துவிட்டார்கள். அந்தப் பேச்செல்லாம் குருசாமியின் காது வழியாகத்தான் போயிற்று.

அந்தப் பகுதியில் வேலை நின்றது. பேச்சிராஜின் பூட்டு மட்டும் பெட்டியில் தொங்கிக்கொண்டே இருந்தது. படத்தில் அவன் சிரிக்காமல் விறைப்பாக இருந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மானேஜர் குருசாமியைக் கூப்பிட்டு, இனியும் தாமதிக்க முடியாது, அந்தப் பூட்டை வெட்டிவிடுங்கள் என்றார்.

குருசாமி கட்டரை எடுத்துக்கொண்டு பெட்டி வரைக்கும் போனார். படத்தைப் பார்த்தார். கட்டரோடு செண்பகவல்லியிடம் வந்தார்.

“வெட்டலாமா மேடம்?”

“சட்டம் என்ன சொல்லுது அண்ணாச்சி?”

அவருக்குத் தெரியும். சாவி கிடைக்காத பூட்டை வெட்டுவதற்கு முன்னால், பூட்டுக்காரன் வேலையிடத்தில் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அவனைத் தேடிப் போய், உன் பூட்டை எடுக்கப் போகிறோம் என்று நேரில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் வெட்டலாம். செண்பகவல்லி எடுத்த வகுப்பில் அவர் தூங்கி வழிந்தபடி கேட்ட சட்டம் அது.

“போய்ச் சொல்லிட்டு வாங்க,” என்றாள்.

“செத்தவன்கிட்ட போயி என்னத்தச் சொல்ல தாயி?”

மேடம் என்று சொல்லி வந்தவர் தாயி என்றது இதுதான் முதல் தடவை. அவள் கவனிக்காததுபோல் இருந்தாள்.

“கடைசியா அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

குருசாமி தரையைப் பார்த்தார். கையிலிருந்த கட்டர் கனத்தது.

“அதுக்கு அடுத்தாப்புல என்ன சொல்லணுமோ, அதைச் சொல்லுங்க,” என்றாள். கொஞ்சம் கழித்து, “அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. லாரி வந்துச்சு, நான் போயிட்டேன். திரும்பி வந்து பதில் சொல்லல. அந்தப் பூட்டுல என் பங்கும்தான் தொங்குது,” என்றாள்.

பேச்சிராஜின் வீடு ஊர்க் கடைசியில் இருந்தது. அவன் மனைவி மாரீஸ்வரி அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அழுது ஓய்ந்த முகம். அவள் கோபமெல்லாம் புருஷன் மேல்தான் இருந்தது. அவுகளுக்கு எப்பவும் அவசரம், எதையும் கழற்றி எறிந்துவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள், செருப்பைக்கூட ஒழுங்காகப் போட மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். பெரிய பிள்ளை பள்ளிக்கூடத்தில், எங்க அப்பா கிளவுஸ் போடல, அதான் செத்துப் போச்சு என்று சொல்லுகிறதாம்.

குருசாமிக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓட விடவில்லை அவள். உள்ளே போய் ஒரு சின்னச் சாவியைக் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டைப் பையில் இருந்ததாம்.

“எங்க வீட்டுல இருக்கிற எல்லாப் பூட்டுலயும் போட்டுப் பாத்துட்டேன் அண்ணாச்சி. எதுலயும் சேரல. இது எதோட சாவி?”

குருசாமி அந்தச் சாவியைப் பார்த்தார். இதற்குப் பொய் சொல்லுவது ரொம்ப எளிது. தெரியலம்மா என்றால் முடிந்தது. திரும்பிப் போய், சட்டப்படி சொல்லிவிட்டேன் என்று பூட்டை வெட்டிவிடலாம். ஊரில் ஒருத்தரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அவர் வாயைத் திறந்தபோதுகூட அதைத்தான் சொல்லப் போகிறோம் என்று நினைத்திருந்தார்.

“அது அவன் போட்ட பூட்டோட சாவிம்மா. அங்க பெட்டியில தொங்குது. அவன் எல்லாம் முறைப்படி செஞ்சுட்டுத்தான் உள்ள போனான்.”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“கரண்ட் நின்னாச்சான்னு எங்கிட்டக் கேட்டான். ஆச்சுன்னு நான்தான் சொன்னேன். நிக்கல. எனக்குத் தெரியல. நான் பாக்கல. என் பேச்ச நம்பித்தான் கிளவுஸைக் கழட்டுனான்.”

மாரீஸ்வரி சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். அவள் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் நின்றிருப்பார்.

“எல்லாரும் அவுகளச் சொல்லையில நீங்க எங்க இருந்தீக அண்ணாச்சி?”

அவர் அங்கேதான் இருந்தார். அதுதான் பதில்.

சாவியை அவள் கொடுக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் அவளே சைட்டுக்கு வந்தாள். வேலை தொடங்கும் முன் எல்லா ஆட்களையும் வட்டமாக நிறுத்திவைத்து அன்றைக்குள்ள ஆபத்துகளைச் சொல்வது அங்கே வழக்கம். அந்த வட்டத்துக்குள் வந்து நின்றாள். எங்கிட்டச் சொன்னதை இவுககிட்டயும் சொல்லுங்க என்றாள். குருசாமி சொன்னார். முந்தின நாள் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். பையன்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மானேஜர் முகம் வெளுத்துப் போய், அண்ணாச்சி, இதோட உங்க வேலை போயிரும் தெரியுமா என்று காதோடு கேட்டார். தெரியும் என்றார் குருசாமி. செண்பகவல்லி வட்டத்துக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லாருமாகப் பெட்டிக்குப் போனார்கள். மாரீஸ்வரி பூட்டில் இருந்த படத்தைப் பெருவிரலால் துடைத்தாள். மானேஜர் சாவிக்காகக் கை நீட்டினார். அவள் டேபிளைக் காட்டினாள்.

“அந்தக் கரண்ட் இப்ப நின்னுருச்சா?”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் குருசாமியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“இல்லம்மா,” என்றார்.

“எப்ப நிக்கும்?”

அவர் செண்பகவல்லியைப் பார்த்தார்.

“பொழுது அடையணும்,” என்றாள் செண்பகவல்லி.

“அப்ப அடையட்டும். நின்ன பெறகு திறக்கேன்.”

சொல்லிவிட்டு மாரீஸ்வரி பெட்டிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள். செண்பகவல்லி ஒரு குடையும் தண்ணீர்க் கேனும் கொண்டுவந்து வைத்தாள். மானேஜர் போனில் யாரிடமோ பேசிப் பார்த்தார், பிறகு அவரும் அடங்கிவிட்டார். துக்க வீட்டுப் பெண்ணைக் கையைப் பிடித்து எழுப்ப ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. அன்றைக்கு அந்தப் பக்கம் யாரும் வேலைக்கு இறங்கவில்லை. குருசாமி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். பேனல்கள் நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. அவர் வாழ்நாளில் ஒரு லைன் நிற்பதற்காக இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. சப்-ஸ்டேஷனில் சொன்னால் யாராவது நிறுத்துவார்கள். மேலே இருக்கிற சூரியனிடம் போய் யார் எல்.சி. வாங்குவது என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. இது அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும்.

பொழுது மேற்கே இறங்கியது. வேலிக்கு அப்பால் உடைமுள் மரங்கள் கறுத்தன. அப்புறம் சிவப்பும் போய், வானம் சாம்பல் நிறமாயிற்று.

மாரீஸ்வரி எழுந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவியைப் பூட்டில் வைத்தாள். திருகவில்லை.

“ஆச்சா அண்ணாச்சி?”

பேச்சிராஜ் கேட்ட அதே மாதிரி கேட்டாள். எல்.சி. என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது. மற்றபடி அதே கேள்விதான்.

“இரும்மா. பாத்துட்டுச் சொல்லுதேன்.”

செண்பகவல்லி கையுறையையும் மீட்டரையும் நீட்டினாள். குருசாமி கையுறையைப் போட்டுக்கொண்டு, குனிந்து, டேபிளுக்கு அடியில் பேச்சிராஜ் நுழைந்த அதே இடத்தில் நுழைந்தார். முனைகளில் மீட்டரை வைத்தார். இன்னும் கொஞ்சம் காட்டியது. காத்திருந்தார். எண் இறங்கிக்கொண்டே வந்தது. இருட்டு நன்றாகக் கவிந்த பிறகு சைபருக்கு வந்தது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். அப்போதும் சைபர்.

வெளியே வந்து நிமிர்ந்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரீஸ்வரியின் விரல்கள் சாவியின் மேல் இருந்தன.

ஆச்சு என்று சொல்ல வேண்டும். மூன்றே எழுத்து. ஆயுசில் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உதடு மட்டும் ஆடியது. அவர் செண்பகவல்லியின் பக்கம் திரும்பினார். இருட்டில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

“வரல தாயி,” என்றார். “ஒரு வார்த்தைதான். வர மாட்டேங்குது.”

அவள் அவர் கையிலிருந்து மீட்டரை வாங்கிக்கொண்டாள்.

“வார்த்தையில என்ன இருக்குன்னு கேட்டீங்கள்ல.”

அவர் தலையசைத்தார்.

“அதுல, நம்பிக் கை வைக்கிற ஒரு ஆள் இருக்காரு அண்ணாச்சி.”